கலப்பெண்களைக் கண்முன் காட்டும் கணிப்பான்

எண் என்று சொன்ன அளவிலே ஒரு பொருள் மனத்தில் தோன்றுதல் வேண்டும். மூன்று மாம்பழம் என்றால் பொருள் விளங்குகிறது. அரைப் பழம் என்றாலும் விளங்குகிறது. ஐந்து வெள்ளி கடன் என்னும்போது எதிர் எண்ணுக்கும் வாழ்க்கையில் ஓர் இடம் இருப்பது தெரிகிறது. ஆனால், −1 என்னும் எண்ணின் வர்க்கமூலம் யாது என்று கேட்டால் மாணவன் திகைக்கிறான். நேர் எண்ணை அதனாலேயே பெருக்கினாலும் நேர் எண்ணே வரும். எதிர் எண்ணை அதனாலேயே பெருக்கினாலும் நேர் எண்ணே வரும். அங்ஙனமாயின் எதனை அதனாலேயே பெருக்கினால் −1 வரும்? அத்தகைய எண் உண்டென்று பாடநூல் கூறுகிறது. கூறியதை மாணவன் மனப்பாடம் செய்கிறான். நம்பிக்கை மட்டும் வருவதில்லை.

சிங்கப்பூரில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய புதிய உயர்நிலைப் பாடத்திட்டத்தின்கீழ், தொடக்கக் கல்லூரி மாணவர் கணிதத் தேர்வில் வரைபடக் கணிப்பானைப் பயன்படுத்தும் வழக்கம் பரவலாயிற்று. உள்ளங்கையில் அடங்கும் அக்கருவி கூட்டும், பெருக்கும், வர்க்கமூலம் காணும். வளைகோடுகளையும் திரையில் வரைந்து காட்டும். கலப்பெண்களை அதனிடம் கொடுத்தால் ஒரு நொடியில் விடை தரும். ஆயினும் அந்த விடை எழுத்துகளாகவும் இலக்கங்களாகவும் வருகிறதேயன்றிப் படமாக வருவதில்லை. கலப்பெண் என்பது யாது என்று உணரவேண்டிய இடத்தில் கருவி வாய்மூடி நிற்கிறது. அதனைப் பேசவைக்கும் வழி ஒன்று உண்டு. ஆறேழு வரிகளில் ஒரு நிரலை, அதாவது கருவி ஒழுங்காக நிறைவேற்றவேண்டிய கட்டளைத் தொடரை, எழுதிக் கொடுப்பதே அவ்வழி.

வரலாறு காட்டும் பாடம்

கலப்பெண்ணைக் கண்டு திகைத்தவர் மாணவர் மட்டுமல்லர். இத்தாலி நாட்டுக் கார்டானோ 1545-இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு கணக்கை எடுத்துக்கொண்டார். பத்தை இரு கூறாக்க வேண்டும். அவற்றைப் பெருக்கினால் நாற்பது வரவேண்டும். பத்தை எப்படிப் பிரித்தாலும் பெருக்கற்பலன் இருபத்தைந்துக்கு மேல் போகாது. எனினும் அவர் 5 + √−15 எனவும் 5 − √−15 எனவும் இரு கூறுகளை எழுதிப் பெருக்கி, நாற்பது வருவதைக் காட்டினார். காட்டியபின் இஃது பயனற்ற நுட்பம் என்று ஒதுக்கியும் வைத்தார்.

பயன் உண்டென்பதை 1572-இல் பொம்பெல்லி மெய்ப்பித்தார். ஓர் எண்ணின் கனம், அவ்வெண்ணின் பதினைந்து மடங்கோடு நான்கு சேர்ந்ததற்குச் சமம் என்று கொள்வோமானால், அவ்வெண் 4 என்பது எளிதில் தெரியும். 64 என்பது 60-உம் 4-உம் சேர்ந்ததே. ஆனால், அக்காலத்துச் சூத்திரத்தைக் கையாண்டு போனால் இடையிலே √−121 வந்து வழிமறிக்கிறது. பொம்பெல்லி அஞ்சாமல் அதனூடே சென்று, 2 + √−1, 2 − √−1 என்னும் இரண்டையும் கூட்டி 4 என்னும் உண்மை விடையை அடைந்தார். பொய்யென்று ஒதுக்கப்பட்ட வழியே மெய்யான ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவ்வாறிருந்தும் ஐயம் தீரவில்லை. 1637-இல் டேக்கார்ட் இவற்றைக் கற்பனை என்னும் பெயரால் சுட்டினார். அப்பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1777-இல் ஆய்லர் √−1 என்பதற்கு உரோம எழுத்தொன்றைக் குறியாக இட்டார். அதன் ஒலிப்பெயர் ‘ஐ’. இங்கே அக்குறி ‘ஐ’ என்றே எழுதப்படுகிறது. எனவே 3 + 2 ஐ என்று வருமிடத்தில், மூன்றோடு √−1-இன் இரு மடங்கு சேர்ந்தது என்று கொள்ளல் வேண்டும்.

ஐயத்தைத் தீர்த்தது ஒரு படமே. நோர்வேயில் பிறந்து டென்மார்க்கில் நில அளவைப் பணி செய்த காஸ்பர் வெசல் என்பார், 1797-இல் டேனிய அறிவியல் கழகத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். 3 + 2 ஐ என்பதைக் கிழக்கே மூன்று அடி, வடக்கே இரண்டு அடி நடந்து சேரும் இடமாகக் கொள்ளலாம் என்பது அவர் கருத்தின் சாரம். நிலத்தை அளந்து பழகியவருக்கு எண்ணும் ஓர் இடமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. கட்டுரை 1799-இல் டேனிய மொழியில் அச்சாயிற்று. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வந்த 1897 வரை பிற நாட்டார் அதனைப் பெரிதும் அறியவில்லை. இதற்கிடையே 1806-இல் பாரிசு நகரில் ஆர்கன் என்பார் இதே கருத்தைத் தாமாகவே கண்டு வெளியிட்டார். 1831-இல் காஸ் என்னும் பேரறிஞர் இதனை ஏற்று விளக்கியபின் எதிர்ப்பு அடங்கிற்று.

கார்டானோவின் நூலுக்கும் வெசலின் கட்டுரைக்கும் இடையே 252 ஆண்டுகள். இக்காலமெல்லாம் கணக்கு சரியாகவே வந்தது. விடையில் பிழை இல்லை. இல்லாதிருந்தது படம் ஒன்றுதான். எண்ணுக்கு ஓர் இடம் காட்டப்பட்டதும் கற்பனை என்னும் அச்சம் நீங்கிற்று. வகுப்பறைக்கு இவ்வரலாறு தரும் பாடம் தெளிவானது. விடையை மட்டும் தரும் கருவி, மாணவனை 1797-க்கு முந்திய காலத்திலேயே நிறுத்தி வைக்கிறது.

கருவியின் இயல்பு

கலப்பெண் கணக்கிடும் பொறி புதியதன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்பார் 1939-இல் அமைத்து முடித்த பொறி கலப்பெண் கணிப்பான் என்றே பெயர் பெற்றது. தொலைபேசிக் கம்பிகளின் வழியே செல்லும் மின்னலைகளை ஆராய்ந்த பொறியாளர்க்குக் கலப்பெண் பெருக்கலும் வகுத்தலும் நாள்தோறும் தேவைப்பட்டதே அதற்குக் காரணம். 1940 செப்டம்பர் 11-ஆம் நாள், டார்ட்மத் கல்லூரியில் கூடிய கணித அறிஞர்கள் அங்கிருந்தவாறே தொலை அச்சுக் கருவியின் வழியாகக் கணக்குகளை அனுப்பி, நியூயார்க்கில் இருந்த அப்பொறியிடமிருந்து விடை பெற்றனர்.

திரையில் வரைபடம் காட்டும் கையடக்கக் கணிப்பான் 1985-இல் கேசியோ நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-7000ஜி வடிவில் விற்பனைக்கு வந்தது. பின்னர் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1996-இல் டிஐ-83, 2004-இல் டிஐ-84 பிளஸ் என்னும் கருவிகளை வெளியிட்டது. கறுப்பு வெள்ளைத் திரை கொண்ட டிஐ-84 பிளஸ் இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. அதன் திரை 96 புள்ளி அகலமும் 64 புள்ளி உயரமும் உடையது. அவற்றுள் வரைபடத்துக்கு உரியவை 95-உம் 63-உம் ஆகும்.

இக்கருவி தொடக்கத்தில் மெய்யெண் முறையில் இருக்கும். அப்போது √−1 கேட்டால் விடை மெய்யெண் அன்று என்று பிழை காட்டி நிற்கும். முறையமைப்புப் பக்கத்தில் கலப்பெண் முறையைத் தெரிந்துகொண்டால் தயங்காமல் ‘ஐ’ என்று விடை தரும். ஆனால், முறையை மாற்றியபின்னும் வரைபடப் பகுதி மாறுவதில்லை. x-இன் வர்க்கமூலத்தை வரையச் சொன்னால் வலப்பக்கம் மட்டும் வளைகோடு தோன்றும். X எதிர் எண்ணாகும் இடப்பக்கம் வெறுமையாகவே இருக்கும். திரையின் இரண்டு அச்சுகளும் மெய்யெண்களுக்கே ஒதுக்கப்பட்டிருப்பதே இதன் காரணம்.

இவ்வெறுமை மாணவனைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும். x² − 2x + 5 = 0 என்னும் சமன்பாட்டைக் கருதுக. வரைந்து பார்த்தால் பரவளையம் கிடை அச்சைத் தொடாமல் மேலேயே நிற்கிறது. ‘தொடவில்லை; ஆகவே மூலம் இல்லை’ என்று மாணவன் எழுதிவிடுகிறான். உண்மையில் 1 + 2 ஐ, 1 − 2 ஐ என்று மூலங்கள் இரண்டு உண்டு. பரவளையத்தின் அடிமுனை x = 1 என்னுமிடத்தில் 4 அலகு உயரத்தில் இருப்பதைக் கவனித்தால், மூலத்தின் மெய்ப்பகுதி 1 என்பதும், கற்பனைப் பகுதி அவ்வுயரத்தின் வர்க்கமூலமாகிய 2 என்பதும் புலப்படும். x²-இன் கெழு 1 ஆக இருக்கும்போதெல்லாம் இவ்விதி பொருந்தும். மூலங்கள் மறைந்து போகவில்லை. திரை காட்டாத வேறொரு தளத்தில் இருக்கின்றன.

நிரல் அமைக்கும் முறை

அத்தளத்தைத் திரைக்குக் கொண்டுவர ஒரு சூழ்ச்சி போதும். கலப்பெண்ணைக் கருவியிடம் முழுதாகக் கொடுத்து வரையச் சொன்னால் அது வரையாது. அதனை மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என இரண்டு மெய்யெண்களாகப் பிரித்துக் கொடுத்தால் வரையும். பிரிப்பதற்குரிய கட்டளைகள் ‘மேத்’ விசையின்கீழ் ‘சிபிஎக்ஸ்’ என்னும் பட்டியில் உள்ளன. ‘ரியல்’ என்பது மெய்ப்பகுதியை எடுத்துத் தரும். ‘இமேக்’ என்பது கற்பனைப் பகுதியை எடுத்துத் தரும்.

‘பிஆர்ஜிஎம்’ விசையை அழுத்திப் புதிய நிரல் ஒன்றுக்குப் பெயரிட்டபின், பின்வரும் வரிகளை முறையே எழுதல் வேண்டும்.

1. கருவியைக் கலப்பெண் முறைக்கு மாற்றுக.
2. முன்பு வரைந்த படங்களை அழிக்க. ஏற்கெனவே உள்ள சார்புகளை வரையாதபடி நிறுத்துக.
3. ‘பிராம்ப்ட்’ கட்டளையால் ஒரு கலப்பெண்ணைக் கேட்டு, ‘இசட்’ என்னும் நினைவறையில் வைக்க.
4. ‘இசட்-டெசிமல்’ கட்டளையால் திரையின் எல்லையை வகுக்க.
5. ‘லைன்’ கட்டளையால் தொடக்கப் புள்ளியாகிய (0, 0)-இலிருந்து ‘இசட்’டின் மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி குறிக்கும் இடம்வரை ஒரு கோடு வரைக.
6. ‘பிடி-ஆன்’ கட்டளையால் அவ்விடத்தில் ஒரு சிறு கட்டம் இடுக.

நிரல் முழுவதும் இவ்வளவே. நான்காம் வரியின் பயனை மட்டும் விளக்குதல் வேண்டும். அவ்வரி கிடை அச்சை −4.7 முதல் 4.7 வரையும், நிலை அச்சை −3.1 முதல் 3.1 வரையும் அமைக்கிறது. இதனால் திரையின் ஒவ்வொரு புள்ளியும் சரியாக 0.1 அலகு ஆகிறது. இரண்டு அச்சுகளிலும் அளவு ஒன்றாக இருப்பதால் வட்டம் வட்டமாகவும், செங்கோணம் செங்கோணமாகவும் தோன்றும். கருவியின் வழக்கமான எல்லையிலோ வட்டம் முட்டை வடிவாகிவிடும். கோணத்தைக் கண்ணால் அறியவேண்டிய பாடத்தில் இது பெருங்குறை.

நிரலை ஓட்டி 3 + 2 ஐ கொடுத்தால், வலப்பக்கம் மூன்று அலகும் மேலே இரண்டு அலகும் தள்ளி ஒரு சிறு கட்டம் தோன்றுகிறது. அதனைத் தொடக்கப் புள்ளியோடு ஒரு கோடு இணைக்கிறது. 3 + 4 ஐ கொடுத்தால் கோடு திரையின் மேல்விளிம்பில் போய் மறைகிறது, கட்டம் தோன்றுவதில்லை. கருவி பிழை என்றும் சொல்வதில்லை. எண் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பதை மாணவனே உணர்ந்து எல்லையை விரிவாக்குதல் வேண்டும். இத்தகைய சிறு இடர்கள் பாடத்துக்குத் துணையே செய்கின்றன.

பெருக்கலும் சுழற்சியும்

ஒரே எண்ணைக் காட்டுவதோடு நின்றால் பயன் குறைவு. 3 + 2 ஐ என்பதை ‘ஐ’ ஆல் பெருக்கினால் −2 + 3 ஐ வருகிறது. மீண்டும் பெருக்கினால் −3 − 2 ஐ. மீண்டும் பெருக்கினால் 2 − 3 ஐ. நான்காம் முறை பெருக்கினால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி 3 + 2 ஐ. இவற்றை ஏட்டில் எழுதினால் குறிகள் மாறி மாறி வரும் குழப்பமாகத் தோன்றும். ‘ஃபார்’, ‘எண்ட்’ என்னும் இரு கட்டளைகளுக்கிடையே ஐந்தாம், ஆறாம் வரிகளை வைத்து, அவற்றின்பின் ‘இசட்’டை ‘ஐ’ ஆல் பெருக்கும் வரி ஒன்றைச் சேர்த்து நான்கு முறை ஓட்டினால், நான்கு கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, காற்றாடியின் இதழ்கள் போலத் திரையில் நிற்கின்றன.

அப்போது −1-இன் வர்க்கமூலம் பற்றிய முதல் வினாவுக்கும் விடை கிடைக்கிறது. −1 ஆல் பெருக்குவது ஓர் எண்ணை நேர் எதிர்த்திசைக்குத் திருப்புவது. அதாவது அரைச் சுற்று. இருமுறை செய்தால் அரைச் சுற்றாகும் செயல் யாது? கால் சுற்று. ‘ஐ’ என்பது கால் சுற்றே. இதில் மறைபொருள் ஏதுமில்லை. கோட்டின்மேல் மட்டும் முன்னும் பின்னும் நடந்தவனுக்குக் கால் சுற்று என்பது கற்பனையாகத் தோன்றும். திடலில் இறங்கியவனுக்கு அஃது இயல்பான திரும்பல்.

இவ்வாறே 2 + ஐ என்பதை 1 + ஐ ஆல் பெருக்கி, மூன்று எண்களையும் திரையில் காட்டுக. பெருக்கற்பலன் 1 + 3 ஐ. முதற்கோடு கிடை அச்சோடு ஏறத்தாழ 26.6 பாகை சாய்ந்திருக்கிறது, இரண்டாவது 45 பாகை, விடை 71.6 பாகை. கோணங்கள் கூடின. நீளங்களோ √5, √2, √10, அவை பெருகின. நீளத்தை மட்டு என்றும் கோணத்தை வீச்சு என்றும் பாடநூல்கள் வழங்கும். மட்டுகள் பெருகும், வீச்சுகள் கூடும் என்னும் விதி, மனப்பாடம் செய்யவேண்டிய சூத்திரம் என்னும் நிலையிலிருந்து கண்ட காட்சி என்னும் நிலைக்கு வந்துவிடுகிறது.

கண் திருத்தும் பிழை

வீச்சைக் காண்பதில் மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. கற்பனைப் பகுதியை மெய்ப்பகுதியால் வகுத்து, அதற்குரிய கோணத்தை எதிர்த் தொடுகோட்டுச் சார்பால் எடுப்பர். −1 − ஐ என்னும் எண்ணுக்கு இம்முறையைக் கையாண்டால் ஈவு 1. விடை 45 பாகை. ஆனால், 1 + ஐ என்னும் எண்ணுக்கும் இதே விடைதான் வருகிறது. ஒன்று வடகிழக்கே இருக்க, மற்றொன்று தென்மேற்கே இருக்கிறது. சரியான வீச்சு −135 பாகை. மேலே கூறிய நிரலில் எண்ணை ஒருமுறை போட்டுப் பார்த்த மாணவன் இப்பிழையை மறுமுறை செய்வது அரிது. கருவியிலே ‘ஆங்கிள்’ என்னும் கட்டளை சரியான வீச்சைத் தரும் என்பது உண்மையே. அது ஏன் சரி என்பதைச் சொல்ல வல்லது படம் ஒன்றே. கோண அளவை மட்டும் ரேடியன் முறையில் வைத்துக்கொள்வது கலப்பெண் கணக்குகளுக்குப் பாதுகாப்பானது.

இப்பிழை தேர்வுத் தாளோடு நிற்பதன்று. 1893-இல் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் என்பார் மாறுதிசை மின்னோட்டக் கணக்குகளைக் கலப்பெண்களால் செய்யும் முறையை வகுத்தளித்தார். ஒரு சுற்றில் மின்தடை 3 ஓம், சுருளால் வரும் எதிர்வினைப்பு 4 ஓம் என்று வைத்துக்கொள்க. இரண்டையும் நேரே கூட்டி 7 என்று கொண்டால், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 33 ஆம்பியர் ஓடும் என்று விடை வரும். அவை 3 + 4 ஐ என ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்பவை. ஆகவே மொத்தத் தடுப்பு 5 ஓம். மின்னோட்டம் 46 ஆம்பியர். முப்பத்து மூன்றுக்கென்று தெரிந்தெடுத்த கம்பியில் நாற்பத்தாறு ஓடினால் கம்பி சூடேறும். செங்கோண முக்கோணத்தைக் கண்ணால் கண்டவன் மூன்றையும் நான்கையும் நேரே கூட்டத் துணியான்.

சுருளும் மூலங்களும்

நிரலைச் சிறிது மாற்றினால் வேறு அழகிய உண்மைகளும் வெளிப்படும். 3 என்னும் எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 0.9 + 0.3 ஐ ஆல் பெருக்கி, பழைய இடத்தையும் புதிய இடத்தையும் கோட்டால் இணைத்துக்கொண்டே போகச் செய்க. பெருக்கும் எண்ணின் வீச்சு ஏறத்தாழ 18.4 பாகை, மட்டு ஏறத்தாழ 0.95. ஆகவே ஒவ்வொரு படியிலும் கோடு சற்றே திரும்புகிறது, சற்றே குறுகுகிறது. இருபது படியில் ஒரு சுற்றுக்கு மேல் சிறிது சென்று, மையத்திலிருந்து ஏறத்தாழ 1.05 அலகு தொலைவில் வந்து நிற்கிறது. திரையில் தோன்றுவது நத்தை ஓட்டின் சுருள் போன்ற வடிவம். மட்டு ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணை எடுத்தால் சுருள் வெளிநோக்கி விரியும். மட்டு சரியாக ஒன்றானால் சுருளாமல் வட்டத்தின்மேலேயே சுற்றி வரும்.

எட்டின் கனமூலம் யாது என்றால் இரண்டு என்று எவரும் சொல்வர். மற்ற இரண்டு மூலங்கள் −1 + √3 ஐ, −1 − √3 ஐ. மூன்றையும் திரையில் இட்டு இணைத்தால் சமபக்க முக்கோணம் தோன்றும். பதினாறின் நான்காம் மூலங்களாகிய 2, 2 ஐ, −2, −2 ஐ ஆகியவற்றை இணைத்தால் சதுரம் தோன்றும். ஒரு முழுச் சுற்றைச் சமமாகப் பங்கிடுவதே மூலம் காணல் என்பதை இப்படங்கள் உணர்த்துகின்றன. பங்கின் எண்ணிக்கையைக் கேட்டு, அத்தனை முறை சுழன்று, இரண்டு அலகு ஆரமுள்ள வட்டத்தின்மேல் புள்ளியிடும் நிரலை மாணவரே எழுத வல்லர்.

அறிவு மிச்சப்படுத்தும் உழைப்பு

ஆர்வம் மிக்க மாணவர்க்கு ஒரு பெரும்பணியும் உண்டு. பெனுவா மாண்டல்பிரோ 1980-இல் கணிப்பொறியின் துணையால் ஆராய்ந்த கணம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அதன் விதி மிக எளியது. ஒரு கலப்பெண்ணைத் தெரிந்தெடுத்துக்கொள்க. சுழியில் தொடங்கி, வர்க்கப்படுத்தித் தெரிந்த எண்ணைக் கூட்டுக. வந்த விடையை மீண்டும் வர்க்கப்படுத்தி அதே எண்ணைக் கூட்டுக. இவ்வாறு செய்துகொண்டே போகும்போது விடை எல்லைக்குள் நின்றால் அவ்வெண் கணத்தைச் சேர்ந்தது. விலகி ஓடினால் சேராதது. 1-ஐத் தெரிந்தெடுத்தால் 1, 2, 5, 26 என்று ஓடிவிடுகிறது. −1-ஐத் தெரிந்தெடுத்தால் −1, 0, −1, 0 என்று நின்ற இடத்திலேயே ஆடுகிறது. ‘ஐ’ என்பதைத் தெரிந்தெடுத்தால் ஐ, −1 + ஐ, −ஐ, −1 + ஐ என்று சுற்றி வருகிறது. எனவே அதுவும் கணத்தில் உண்டு. மட்டு இரண்டைத் தாண்டிய விடை மீண்டு வராது என்பது நிறுவப்பட்ட உண்மை.

திரையின் எல்லையைக் கிடையாக −2.35 முதல் 2.35 வரையும், நிலையாக −1.55 முதல் 1.55 வரையும் வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் இச்சோதனையை இருபது முறைவரை செய்து, தாண்டாதவற்றைக் கறுப்பாக்கும்படி நிரல் எழுதலாம். புள்ளிகள் 95-ஐ 63 ஆல் பெருக்க 5,985. இருபது முறை வீதம் கணக்கிட்டால் 1,19,700 சோதனைவரை ஆகக்கூடும். இச்சிறு கருவி அவ்வளவையும் செய்து முடிக்க நெடுநேரம் பிடிக்கும்.

இங்கே கணித அறிவு கைகொடுக்கிறது. ஒரு கலப்பெண்ணின் கற்பனைப் பகுதியின் குறியை மட்டும் மாற்றினால் வருவது அதன் இணைக் கலப்பெண். ஓர் எண் கணத்தில் இருந்தால் அதன் இணையும் இருக்கும். நீரில் விழும் நிழல் போலக் கீழ்ப்பாதி மேற்பாதியை ஒத்திருக்கும். ஆகவே கிடை அச்சில் உள்ள ஒரு வரிசையையும் அதற்கு மேலுள்ள 31 வரிசைகளையும் மட்டும் சோதித்து, கீழே அப்படியே புள்ளியிட்டால் போதும். சோதிக்கவேண்டிய புள்ளிகள் 3,040 ஆகக் குறைகின்றன. விரைவான கருவி வாங்காமலே வேலை ஏறக்குறையப் பாதியாயிற்று. இணை என்பது பாடநூலில் ஒரு வரையறையாக மட்டும் கிடந்தது. இப்போது அதுவே நேரத்தை மிச்சப்படுத்தும் பொருளாகிவிட்டது.

சொல்லும் பொருளும்

தமிழாசிரியர் கருதவேண்டிய செய்தி ஒன்றும் இங்கே அடங்கியுள்ளது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவ்வெண்ணைக் கலப்பெண் என்கின்றன. இலங்கையில் சிக்கலெண் என்னும் சொல் வழங்குகிறது. முன்னது இருவகைப் பகுதிகள் கலந்து நிற்பதைச் சுட்டுகிறது. பின்னது பின்னிக் கிடப்பதைச் சுட்டுகிறது. மாணவனுக்குச் சிக்கல் என்னும் சொல் முதலிலேயே ஓர் அச்சத்தை ஊட்டிவிடும். கலப்பு என்னும் சொல்லோ பொருளையும் காட்டி, அச்சத்தையும் தவிர்க்கிறது.

கற்பனைப் பகுதி என்னும் பெயர்தான் இடர்ப்பாடு உடையது. நேர், எதிர் என்பனபோல √−1-ஐப் பக்க அலகு என்று தொடக்கத்திலேயே அழைத்திருந்தால் இத்துணை இருள் சூழ்ந்திராது என்று காஸ் 1831-இலேயே கருத்துரைத்தார். பெயர் வழக்கில் ஊன்றிவிட்டமையால் இனி மாற்றுதல் அரிது. ஆயினும் பாடத்தைத் தொடங்கும்போது, இது பக்கவாட்டில் செல்லும் அளவு என்று ஆசிரியர் ஒருமுறை சொல்லிவிட்டுத் திரையைக் காட்டுவாராயின், சொல்லால் விளைந்த மயக்கம் படத்தால் தெளியும்.

ஆசிரியர் கடன்

சிங்கப்பூரில் தேர்வு தொடங்குமுன் கணிப்பானின் நினைவை அழித்துவிடுதல் வேண்டும் என்பது விதி. மாணவன் எழுதி வைத்த நிரல்கள் அப்போது மறைந்துபோகும். அவ்வாறாயின் இவ்வுழைப்பெல்லாம் வீண் அன்றோ என்று சிலர் வினவக்கூடும். பிறர் எழுதிய நிரலை வாங்கி விசையை மட்டும் அழுத்தியவனுக்கு வீண்தான். தானே ஒவ்வொரு வரியாக எழுதியவனோ, எண்ணை இரு பகுதியாகப் பிரித்தான். இரண்டு அச்சுகளில் அவற்றை அளந்து வைத்தான். கோடு எத்திசையில் எவ்வளவு நீளம் செல்லும் என்று முன்கூட்டியே கருதிப் பார்த்தான். தவறாக வந்தபோது காரணம் தேடினான். இவற்றை எந்த விசையும் அழிக்க இயலாது.

எனவே ஆசிரியர் நிரலை முடித்துக் கையில் கொடுப்பதினும், ஆறு வரிகளுள் முதல் மூன்றைக் கொடுத்து எஞ்சியவற்றை மாணவரே காணும்படி விடுவது நன்று. எண் எங்கே விழும் என்று முதலில் தாளில் குறிக்கச் செய்து, அதன்பின் கருவியை ஓட்டிப் பார்க்கச் செய்வது அதனினும் நன்று. தாளில் இட்ட புள்ளியும் திரையில் தோன்றிய புள்ளியும் ஒன்றாகும்போது, 252 ஆண்டுகள் அறிஞரைத் திகைக்க வைத்த எண் ஒரு மாணவனுக்கு ஒரு பாடவேளையில் உரிமையாகிறது.